உள்ளூர் விதிகளும் சிறு செயற்கூறுகளும்

ஆம்பூரில் 1980ஆம் ஆண்டு பிறந்து, பிறந்த வீட்டிலேயே இன்றும் குடியிருக்கும் ஒருவருடைய ஆவணங்களைக் காலவரிசையில் அடுக்கினால், அவர் நான்கு மாவட்டங்களில் மாறிமாறி வாழ்ந்தவர் போலத் தோன்றுவார். அவர் பிறந்தபோது ஆம்பூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமாகவும், மறு பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகவும் ஆயின. மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட 1990களின் பிற்பகுதியில் அது வேலூர் மாவட்டமாயிற்று. 2019ஆம் ஆண்டு நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது.

இந்த மாற்றங்கள் இப்பகுதியில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தவையே. பழைய பத்திரத்தில் வட ஆற்காடு என்றும் புதிய குடும்ப அட்டையில் திருப்பத்தூர் என்றும் இருந்தால், அதைப் பார்க்கும் பத்திர எழுத்தர் ஒரு கணமும் தயங்கமாட்டார். ஆனால் ஒரு காலணித் தொழிற்சாலையின் பணியாளர் பட்டியலையும் அதே பணியாளர்களின் பழைய விண்ணப்பங்களையும் ஒப்பிட எழுதப்பட்ட நிரல், மாவட்டம் என்ற பத்தியில் வெவ்வேறு சொற்களைக் கண்டவுடன் அவர்களை வெவ்வேறு ஆட்களாகக் கணக்கிட்டுவிடும். எந்த நிரல்மொழியின் நூலகத்திலும், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பிலும், இதற்கான தீர்வு தயாராகக் கிடைக்காது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, இருபது முப்பது வரிகளில் ஒரு செயற்கூற்றை, அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்துதரும் நிரல்பகுதியை, எழுதியாக வேண்டும்.

அன்றாட நிரலாக்கத்தில் எழுதப்படும் சிறு கருவிகளை, அதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் செயற்கூறுகளையும் ஒரே மூச்சில் ஓடி முடியும் ஸ்கிரிப்டுகளையும், பலரும் நேரத்தை மிச்சப்படுத்தும் குறுக்குவழிகளாகவே பார்க்கிறார்கள். நேரம் மிச்சமாவது உண்மைதான். ஆயினும் அவற்றின் பெரிய மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. உலகுக்குப் பொதுவான வேலைகளைப் பொதுவான நூலகங்கள் செய்துவிடுகின்றன; நம் ஊர், நம் எழுத்து, நம் பணக்கணக்கு, நம் பெயரிடும் முறை ஆகியவற்றின் விதிகளை அறிந்தவர்கள் நாம்தான். அந்த விதிகளை ஒரே இடத்தில், சோதிக்கத்தக்க வடிவில் எழுதிவைக்கும் இடம் இந்தச் சிறு செயற்கூறு. அலட்சியமாக எழுதப்பட்டால் அதே விதி பத்து நிரல்களில் பத்துவிதமாகச் சிதறிக் கிடக்கும்.

மாவட்டச் செயற்கூற்றையே எடுத்துக்கொண்டு, அதை எப்படி எழுதலாம் என்று பார்ப்போம். முதலில் தோன்றும் வழி, வட ஆற்காடு என்று வந்தால் வேலூர் என்று மாற்றிவிடுவது. இது தவறு. பழைய வட ஆற்காட்டுக்குள் ஆரணியும் செய்யாறும் இருந்தன; அவை இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளன. ஆற்காடும் வாலாஜாவும் அரக்கோணமும் இன்று ராணிப்பேட்டை மாவட்டம்; வாணியம்பாடியும் நாட்றம்பள்ளியும் திருப்பத்தூர் மாவட்டம்; காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு ஆகியவை வேலூரிலேயே நீடிக்கின்றன. இன்னும் பின்னால் போனால், 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டின் தலைமையிடமே சித்தூராகத்தான் இருந்தது. ஆகவே பழைய மாவட்டப் பெயரைக் கொண்டு புதிய மாவட்டத்தைக் கண்டறிய முடியாது. வட்டம் அல்லது ஊர்ப்பெயரைக் கொண்டே கண்டறிய முடியும். செயற்கூற்றுக்குள் இருக்கவேண்டியது வட்டத்தையும் மாவட்டத்தையும் இணைக்கும் ஓர் அட்டவணை.

அடுத்துத் தோன்றும் வழி அஞ்சல் குறியீட்டு எண். 1972ஆம் ஆண்டு அறிமுகமான இந்த ஆறிலக்க எண்ணின் முதல் மூன்று இலக்கங்களை மாவட்டமாகக் கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பே. வேலூருக்கு 632001, ராணிப்பேட்டைக்கு 632401 என்று பார்க்கும்போது இரண்டும் 632இல் தொடங்குகின்றன. அரக்கோணம் 631001, அது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருந்தாலும் அதன் முதல் மூன்று இலக்கங்கள் காஞ்சிபுரத்துடன் ஒத்துப்போகின்றன. ஆம்பூரும் வாணியம்பாடியும் 635இல் தொடங்குகின்றன; கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்படியே. அஞ்சல் துறை தன் அஞ்சல் பிரிப்பு வசதிக்காக வகுத்த எல்லைகளும் வருவாய்த் துறை வகுத்த எல்லைகளும் ஒன்றல்ல. முதல் மூன்று இலக்கங்களை நம்பி எழுதப்பட்ட செயற்கூறு பெரும்பாலான வரிகளில் சரியாக இருப்பதுபோல் காட்டி, அரக்கோணத்தில் வந்து தவறும். எல்லா வரியிலும் தவறும் நிரலை முதல் நாளே கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் சரியாக இருக்கும் நிரல்தான் ஆபத்து.

திருப்பத்தூர் என்ற பெயர் தனிச் சிக்கல். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் உண்டு. அதன் அஞ்சல் எண் 630211. இங்குள்ள திருப்பத்தூருக்கு 635601. இந்த இடத்தில் மட்டும் அஞ்சல் எண் உண்மையிலேயே உதவுகிறது. ஆங்கில எழுத்துகளில் வரும் தரவு என்றால் குடியாத்தத்துக்கும் வாலாஜாவுக்கும் பல எழுத்துக்கூட்டல்கள் புழக்கத்தில் உள்ளன. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வேலூர் உட்பட 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை வெளியாகி, அதே மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாட்களில் எங்கேனும் ஒரு தரவுத்தளத்தில் புதிய எழுத்துக்கூட்டல் நுழைந்திருந்தால், அதையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்க்கத்தான் வேண்டும்.

அட்டவணையில் இல்லாத ஊர் வந்தால் செயற்கூறு என்ன செய்யவேண்டும் என்பது எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு. சிலர் அப்போது வேலூர் என்று விடையளிக்குமாறு எழுதிவிடுகிறார்கள். வரும் தரவில் பெரும்பகுதி வேலூராக இருப்பதால் அது வசதியாகத் தோன்றுகிறது. இதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று திருப்பியளித்து, அந்த ஊர்ப்பெயரைத் தனிப்பட்டியலில் எழுதிவைக்கும் செயற்கூற்றை நம்பி அதன்மேல் வேறு நிரல்களை எழுதலாம். ஊகித்து விடைசொல்லும் செயற்கூறு தன் பிழையைத் தானே மறைத்துவிடுகிறது. மாதங்கள் கழித்து அது தெரியவரும்போது எந்த வரி ஊகம், எந்த வரி உண்மை என்று பிரித்தறிய வழியிருக்காது.

சிறு கருவிகளை இணைத்துப் பெரிய வேலையைச் செய்யும் பழக்கம் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964ஆம் ஆண்டிலேயே, நிரல்களைத் தோட்டக் குழாய்களைப்போல ஒன்றோடொன்று பொருத்தும் வழி வேண்டும் என்று ஒரு குறிப்பில் எழுதினார். 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் பைப் என்ற வசதியாகச் செய்துகாட்டினார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகப் பாய்வதற்கு வழி பிறந்த பிறகு, வரிகளைத் தேடும் கிரெப், வரிசைப்படுத்தும் சார்ட், பத்திகளைப் பிரித்துக் கணக்கிடும் ஆக் போன்ற கருவிகள் ஒவ்வொன்றும் தன் ஒரு வேலையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்ற நிலை வந்தது. 1977இல் உருவான ஆக், அதன் ஆசிரியர்களான ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிஹன் ஆகிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆனது. பின்னர் 1987இல் பெர்ல், 1991இல் பைதான் ஆகிய நிரல்மொழிகள் வெளிவந்தன. இன்று பாகாயத்தில் உள்ள பொறியியல் கல்லூரியில் படிக்கும் மாணவர் எழுதும் பத்து வரிப் பைதான் நிரலும் அந்த மரபில் வந்ததுதான்.

ஆயினும் எதை எழுதுவது, எதைக் கடன் வாங்குவது என்ற கேள்வி நீடிக்கிறது. 2016ஆம் ஆண்டு மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் உலகில் நடந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சொல்வதுண்டு. ஒரு சரத்தின், அதாவது எழுத்துத்தொடரின், இடப்பக்கத்தில் இடைவெளியோ சுழியமோ சேர்த்து வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவரும் லெஃப்ட்-பேட் என்ற தொகுப்பை, அதை எழுதியவர் அத்தகைய தொகுப்புகள் பகிரப்படும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அதன் நிரல் 11 வரிகளே. ஆனால் அதைச் சார்ந்திருந்த தொகுப்புகளை வேறு தொகுப்புகள் சார்ந்திருக்க, பேபல் போன்ற பெரிய கருவிகளைப் பயன்படுத்திய எண்ணற்ற திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. களஞ்சியத்தை நடத்தியவர்கள் அத்தொகுப்பைத் தாங்களே மீட்டுவைத்த பிறகே நிலைமை சீரானது.

இதிலிருந்து எல்லாவற்றையும் நாமே எழுதவேண்டும் என்று முடிவுசெய்வது பிழை. தேதிக் கணக்கு, குறியாக்கம், கடவுச்சொல் பாதுகாப்பு, காற்புள்ளியால் பத்திகள் பிரிக்கப்படும் சிஎஸ்வி கோப்பைப் பிரித்தல் ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத விளிம்புகள் ஏராளம். அவற்றைப் பல ஆண்டுகளாகச் சந்தித்துத் திருந்திய நூலகங்களை விட்டுவிட்டுக் காற்புள்ளி கண்ட இடத்தில் வரியை வெட்டும் செயற்கூற்றை எழுதுவது வீண். முகவரிக்குள்ளேயே காற்புள்ளி வரும் நம் ஊர்த் தரவில் அது முதல் வரியிலேயே உடையும். சில வரிகளில் முடிவதும், விதி முழுவதும் நமக்குத் தெரிந்ததும், வெளியார் மாற்றினால் நமக்குச் சிக்கல் வருவதுமான வேலையை நாமே எழுதலாம். நம் விதியே வெளியாருக்குத் தெரியாதது என்றால் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ் எழுத்தைக் கையாளும் செயற்கூறுகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். வேலூர் என்ற சொல்லின் நீளத்தைப் பைதானிடம் கேட்டால் 6 என்று விடை வரும். நமக்கு அது மூன்றெழுத்துச் சொல். எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் முறையில் வகரம், ஏகாரக் குறி, லகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி என ஆறு குறியீடுகளாக அது சேமிக்கப்படுகிறது. யூடிஎஃப்-8 வடிவில் குறியீடொன்றுக்கு மூன்று பைட் வீதம் 18 பைட் ஆகிறது. குடியாத்தம் என்ற ஆறெழுத்துச் சொல்லுக்கு 11 குறியீடுகள். பெயருக்கு இருபது இடம் என்று வரையறுத்த படிவம், தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டி, கடைசி எழுத்தின் புள்ளியையோ உயிர்க்குறியையோ உதிர்த்துவிடுவது இதனால்தான். தீர்வு மிக எளியது: யூனிகோட் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வகையைத் தந்திருக்கிறது, உயிர்க்குறிகளும் புள்ளியும் சார்புக்குறி என்ற வகையில் வருகின்றன. அவ்வகையைச் சேராத குறியீடுகளை மட்டும் எண்ணினால் தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை ஒன்றாக எண்ணவேண்டும் என்றால் இன்னும் இரண்டு வரிகள் தேவைப்படும். ஓபன்-தமிழ் என்ற பைதான் நூலகத்திலும் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு இருக்கிறது.

இதே காரணத்தால் வேறு இடங்களிலும் தடுக்கி விழ நேரிடும். ஒரு சரம் முழுவதும் எழுத்துகளால் ஆனதா என்று சோதிக்கும் பைதானின் உள்ளமைந்த செயற்கூறு, வேலூர் என்ற சொல்லுக்கு இல்லை என்று விடையளிக்கும். அது சார்புக்குறிகளை எழுத்தாகக் கொள்வதில்லை. பைதானுடன் வரும், எழுத்துக்கோலங்களைத் தேட உதவும் re நூலகத்தில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறியைப் பயன்படுத்தித் தமிழ் உரையைச் சொற்களாகப் பிரித்தால், ஒவ்வொரு சொல்லும் உயிர்க்குறிதோறும் உடைந்து சிதறும். பெயர் என்ற கட்டத்தில் தமிழில் எழுதியவுடன் தவறான பெயர் என்று சிவப்பில் எச்சரிக்கும் இணையப் படிவங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படியொரு சோதனையே இருக்கிறது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாகத் தெரியும் எழுத்துகளும் உண்டு. கொ என்ற எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளில் சேமிக்கலாம். ககரம், எகரக் குறி, கால் என மூன்றிலும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடினால் ஒன்று மற்றொன்றுக்குக் கிடைக்காது. யூனிகோட் இயல்பாக்கம் என்ற செயல் இவ்விரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருகிறது. பல முக்கிய நிரல்மொழிகளில் அது உண்டு. ஆனால் கௌரவம் என்பதற்குப் பதிலாக எகரக் குறியையும் ளகரத்தையும் இட்டுக் கெளரவம் என்று தட்டச்சிட்டிருந்தால் இயல்பாக்கம் அதைத் திருத்தாது; யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறொரு சரியான எழுத்துத்தொடர்.

இவை எல்லாவற்றினும் பரவலானது ரகர மெய்யின் சிக்கல். ர் என்பதற்குப் பதிலாகக் காலையும் புள்ளியையும் இட்டு வேலூா் என்று எழுதும் பழக்கம் பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட உரைகளில் மிகுதி. பல எழுத்துருக்களில் இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். தமிழில் காலுக்கு மேல் புள்ளி வரவே வராது என்பதால், காலும் புள்ளியும் சேர்ந்து வந்த இடத்திலெல்லாம் ரகர மெய்யை இடுவது பாதுகாப்பானது என்று சொல்லிவிடலாம். ஆனால் இங்கேயும் வரிசைமுறை முக்கியம். சேர்ந்த என்ற சொல்லில் ரகரத்துக்குப் பதில் கால் இருந்தால், அதற்கு முன்னால் ஏகாரக் குறி நிற்கிறது. ஏகாரக் குறியும் காலும் அடுத்தடுத்து வரும்போது இயல்பாக்கம் அவற்றைச் சேர்த்து ஓகாரக் குறியாக்கிவிடும்; விளைவு, சோ்ந்த என்ற வடிவம். வேலூரைச் சோ்ந்த என்று இணையச் செய்திகளில் காணும்போது அது தட்டச்சிட்டவரின் அறியாமை என்று எண்ணிவிடக்கூடாது. ஏதோ ஒரு நிரல் இரண்டு படிகளை மாற்றி ஓட்டியதன் தடமாகவும் அது இருக்கலாம். ஆகவே காலும் புள்ளியும் சேர்ந்த இந்தப் பிழையைத் திருத்துவது முதலிலும் இயல்பாக்கம் அடுத்தும் வரவேண்டும். ஏற்கெனவே இயல்பாக்கப்பட்ட தரவும் வரும் என்பதால், ஓகாரக் குறிக்கு மேல் புள்ளி இருந்தால் அதை ஏகாரக் குறியும் ரகர மெய்யுமாக, ஒகரக் குறிக்கு மேல் இருந்தால் எகரக் குறியும் ரகர மெய்யுமாக மாற்றும் இரண்டு விதிகளையும் சேர்த்தெழுத வேண்டும். மொத்தம் ஐந்து வரிகள். இந்த ஐந்து வரிகளைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரால் மட்டுமே எழுத முடியும்.

அகரவரிசையும் அவ்வாறே. யூனிகோட் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் அமைந்துள்ளன. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிறகு வருகிறது. குறியீட்டு எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினால் வருகைப் பதிவேடு நம் நெடுங்கணக்குக்கு மாறாகவே வரும். பதினெட்டு மெய்களின் வரிசையையும் புள்ளியின் இடத்தையும் ஒரு பட்டியலாக வைத்து ஒப்பிடும் செயற்கூறு போதும். ஆனால் அது எல்லா அறிக்கைகளுக்கும் ஒரே செயற்கூறாக இருக்கவேண்டும்.

பணத்துக்கு வருவோம். வேலூர், ராணிப்பேட்டைப் பகுதியில் தோல், காலணி, இயந்திர உதிரிபாகம் ஆகிய தொழில்களைச் சார்ந்த சிறு நிறுவனங்களுக்கு நிரல் எழுதுபவர் எவரும் சரக்கு மற்றும் சேவை வரியைத் தொடாமல் இருக்க முடியாது. அச்சட்டத்தின் 170ஆம் பிரிவு, செலுத்தவேண்டிய வரியை அருகிலுள்ள முழு ரூபாய்க்குக் கொண்டுவரச் சொல்கிறது. ஐம்பது காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய், குறைந்தால் காசு விடப்படும். பைதானின் உள்ளமைந்த முழுமையாக்கும் செயற்கூறு இந்த விதியைப் பின்பற்றுவதில்லை. சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை அது அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும், 2.5 என்பது 2 ஆகும், 3.5 என்பது 4 ஆகும். புள்ளியியலில் அந்த முறைக்குக் காரணம் உண்டு. வரிக்கணக்கில் அது ஒரு ரூபாயைக் குறைத்துக் காட்டும். மேலும், தசம எண்களை இரும முறையில் சேமிக்கும்போது 1.005 என்பது உள்ளே அதைவிடச் சிறிது குறைவான எண்ணாகவே நிற்பதால், இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 1.01 வருவதில்லை. இதனால் தொகைகளைக் காசில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது அல்லது பைதானின் டெசிமல் வகையைப் பயன்படுத்துவது நல்லது. வரியை முழுமையாக்கு என்ற பெயரில் ஒரு செயற்கூறு எழுதி, நிறுவனத்தின் எல்லா நிரல்களும் அதையே அழைக்குமாறு செய்துவிட்டால், ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கேட்கும் ஒரு ரூபாய் வேறுபாடுகளில் பெரும்பகுதி எழாது.

தொகையை இலட்சம், கோடி முறையில் காற்புள்ளி இட்டுக் காட்டுவதும் அடிக்கடி எழுதப்படும் சிறு செயற்கூறு. கடைசி மூன்று இலக்கங்களைப் பிரித்து, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரிப்பது எளிது. எதிர்மறை எண் வரும்போதுதான் பலருடைய நிரல் பிசகுகிறது. கழித்தல் குறியை முதலிலேயே எடுத்துவைக்காவிட்டால், பத்தாயிரம் ரூபாய் பற்று என்பது குறிக்கும் எண்ணுக்கும் இடையில் ஒரு காற்புள்ளியோடு -,10,000 என்று அச்சாகும். ஒரு இலட்சம் பற்று மட்டும் சரியாக -1,00,000 என்று வரும். அதைக் கொண்டு சோதித்தவர் பிழையைக் காணமாட்டார்.

ரசீதில் தொகையைத் தமிழ்ச் சொற்களில் எழுதும் செயற்கூறு இன்னும் சுவையானது. நூறு தனித்து நின்றால் நூறு, தொடர்ந்தால் நூற்று. ஆயிரம் ஆயிரத்து ஆகும், இலட்சம் இலட்சத்து ஆகும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் மற்றப் பத்துகள், நூறுகளின் அமைப்பில் அடங்காதவை. ஆங்கிலத்துக்கு எழுதிய செயற்கூற்றின் சொற்களை மட்டும் தமிழாக்கினால், நூறு ஐம்பது ரூபாய் என்பதுபோன்ற, எவரும் பேசாத தமிழ் வரும். ஒவ்வொரு இடமதிப்புக்கும் தனித்து நிற்கும் வடிவம், தொடரும் வடிவம் என இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை வைத்துக்கொண்டால், மீதி இருப்பதைப் பொறுத்து எதை எடுப்பது என்று ஒரே நிபந்தனையில் முடிந்துவிடும்.

வணிகர்களின் வரிப் பதிவெண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டும் மாநிலக் குறியீடு; தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் வருமான வரிக் கணக்கெண். கடைசி எழுத்து, முந்தைய 14 எழுத்துகளிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எழுத்து; எழுத்துகளுக்கு 36 அடிமான மதிப்புத் தந்து, ஒன்று விட்டு ஒன்றை இரண்டால் பெருக்கிக் கூட்டும் முறையில் அது அமைகிறது. பத்து வரிச் செயற்கூறு ஒன்று, தட்டச்சில் ஓரெழுத்து மாறியதைப் பட்டியல் தாக்கலாகும் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். எல்லைக்கு அப்பாலுள்ள சித்தூருடன் வணிகம் செய்யும் குடியாத்தத்துக் கடைக்காரருக்கு முதல் இரண்டு இலக்கங்களைக் கவனிப்பது இன்னும் பயன்படும். பதிவெண் வடிவில் சரியாக இருப்பதும் அப்படியொரு வணிகர் உண்மையில் பதிவாகியிருப்பதும் வேறு வேறு என்பதைச் செயற்கூற்றின் பெயரே தெளிவாக்கவேண்டும். பதிவெண் செல்லுமா என்று பெயர் வைப்பதைவிட, பதிவெண் வடிவம் சரியா என்று பெயர் வைப்பது நேர்மையானது. பைதான் 3இல் செயற்கூறுகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

தொலைபேசி எண்ணைச் சீராக்கும் செயற்கூறும் இப்பகுதிக்கென்று சில விதிகளைக் கேட்கிறது. வேலூரின் தொலைபேசிக் குறியீடு 0416, ராணிப்பேட்டைக்கு 04172, திருப்பத்தூருக்கு 04179. எக்செல் தாளில் ஒருமுறை திறந்து சேமித்தாலே முன்னிற்கும் சுழியம் போய்விடும். அதன்பின் எஞ்சும் பத்து இலக்கங்களில் முதலிலக்கம் 6 முதல் 9 வரை இருந்தால் கைப்பேசி என்றும், 4 என்றால் வீட்டு இணைப்பு என்றும் பிரிக்கலாம். குறுஞ்செய்தி அனுப்பும் நிரலுக்கு இந்த ஒரு பிரிப்பே போதுமானது.

பெயர்களில் அவ்வளவு எளிதாக முடிவெடுக்க முடியாது. நம் வழக்கில் தலைப்பெழுத்து முன்னாலும் வரும், பின்னாலும் வரும். தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் சில ஆவணங்களிலும் முழுப்பெயர் வேறு ஆவணங்களிலும் இருக்கும். புள்ளியையும் இடைவெளியையும் நீக்கி, ஓரெழுத்துப் பகுதிகளைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு மீதியைப் பெயராகக் கொள்ளும் செயற்கூறு உள்ளூர்ப் பட்டியல்களுக்கு நன்றாகவே உழைக்கும். ஆனால் வேலூர் மருத்துவமனைகளுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். குடும்பப் பெயரைக் கொண்ட அவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. இச்செயற்கூற்றின் முதல் வரியிலேயே, இது தலைப்பெழுத்து வழக்கமுள்ள பெயர்களுக்கு மட்டும் என்று எழுதிவைப்பது அவசியம்.

செயற்கூறு தவறான விடை தந்தால் திருத்திக்கொள்ளலாம். கோப்புகளைத் தொடும் ஸ்கிரிப்ட் தவறினால் தரவே அழியும். ஆகையால் கோப்புகளைப் பெயர் மாற்றும், நகர்த்தும், நீக்கும் எந்த ஸ்கிரிப்டும் முதலில் தான் செய்யப்போவதை மட்டும் பட்டியலிட்டுக் காட்டும் ஒத்திகை முறையில் ஓடவேண்டும். தனியாக ஒரு கட்டளைச் சொல் தந்தால் மட்டுமே மெய்யாகச் செய்யவேண்டும். ஒரு கோப்பைத் திருத்தும்போது அதன்மீதே எழுதாமல், அருகில் தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, பிறகு பெயரை மாற்றவேண்டும். லினக்ஸில் ஒரே கோப்பு முறைமைக்குள் நடக்கும் பெயர்மாற்றம் பிரிக்கமுடியாத ஒரே செயல். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய கோப்போ புதிய கோப்போ ஏதேனும் ஒன்று முழுமையாக எஞ்சும். வேலூரின் கோடைக்கால மின்தடையில் வேலைசெய்பவர்களுக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. ஒரே ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினால் முதல் முறையின் விளைவு மாறாதிருப்பதும் அதே அளவுக்கு முக்கியம். பாதியில் நின்ற வேலையை அப்போதுதான் அச்சமின்றி மீண்டும் தொடங்கலாம்.

கோப்புப் பெயர்களில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் அகரவரிசையே காலவரிசையாகிவிடும். தமிழ் உரை கொண்ட சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறப்பவர்களுக்கு அனுப்பும்போது, கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்னும் மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்தால் எழுத்துகள் சிதையாமல் தெரியும். பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணை எக்செல் அடுக்குக்குறி வடிவில் சுருக்கிக் காட்டுவதால், அதை உரையாகவே எழுதவேண்டும்.

இப்போது இத்தகைய செயற்கூறுகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் எழுதித் தருகின்றன. நான் அவற்றை எதிர்ப்பவன் அல்லன். ஆயினும் அரக்கோணத்தின் அஞ்சல் எண், ஐம்பது காசு விதி, ரகர மெய்த் திருத்தத்தின் வரிசை ஆகியவற்றைக் கேட்பவர் சொன்னால்தான் விடை சரியாக வரும் என்றே வைத்துக்கொள்ளவேண்டும். ஆகவே கேட்பதற்கு முன்பே எதிர்பார்க்கும் விடைகளை எழுதிவைப்பது நல்லது: ஆரணி என்றால் திருவண்ணாமலை, 2.50 என்றால் 3, சோ்ந்த என்றால் சேர்ந்த, வெற்றுச் சரம் என்றால் தெரியாது. இந்த வரிகளே சோதனை நிரலாகவும் ஆகின்றன. செயற்கூற்றை யார் எழுதினாலும், எத்தனை முறை திருத்தினாலும், இவ்விடைகள் மாறாதிருப்பதை ஒரு கட்டளையில் சரிபார்த்துக்கொள்ளலாம். புதிய பிழை ஒன்று வெளிப்படும் ஒவ்வொரு முறையும் அந்த உள்ளீட்டை இப்பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் திருத்தத்தைத் தொடங்கவேண்டும்.

எல்லாச் செயற்கூறுகளையும் பொதுக்கருவிகள் என்ற ஒரே கோப்பில் குவிக்கும் வழக்கத்தை மட்டும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கோப்பு சில மாதங்களில் யாரும் திறந்து பார்க்காத அளவுக்கு நீண்டு, அதில் ஏற்கெனவே இருப்பதையே இன்னொருவர் வேறொரு பெயரில் எழுதுவார். தமிழ் எழுத்து, பணம், முகவரி, கோப்பு என்று பொருள்வாரியாகப் பிரித்துவைத்தால் தேடுபவருக்குக் கிடைக்கும். நிரல்மொழியே ஒரு வசதியைக் கொண்டுவந்துவிட்டால் நம்முடையதை நீக்கிவிடலாம். லெஃப்ட்-பேட் செய்த வேலையை 2017ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலை மொழிக்குள்ளேயே சேர்த்துவிட்டதால், இன்று அதற்காக எவரும் தனிச் செயற்கூறு வைத்திருக்கத் தேவையில்லை.